நாமினியா, ஜாயின்ட் அக்கவுண்டா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டிருந்தேன். (கல்கத்தா தமிழனை ஞாயிறு காலையில் வேறு எங்கே தேடுவீர்கள்?) பின்னாலிருந்து "அங்கிள்!" என்று ஒரு குரல். குடும்ப நண்பர் வீட்டுப் பையன். வெளிநாட்டில் பொது சுகாதாரம் மேல்படிப்பு படிக்கிறான். நல்ல பையன், கெட்டிக்காரன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவு அவனைத் திட்டுவதற்கு இல்லை.

"அங்கிள், உங்க பேங்க்ல மகளிர் குழு அக்கவுண்ட் நிறைய இருக்குல்ல? பஸ்தி பக்கம் யாராவது லீடர் லேடி தெரியுமா? ஒரு லெட்டர் வேணும்."

"என்ன லெட்டர்ப்பா?"

"கம்யூனிட்டி பார்ட்னர் லெட்டர். பஸ்தியில இருக்கற பெண்களுக்கு சுகர், பி.பி. எப்படி இருக்குன்னு ஒரு ஆராய்ச்சி. நிதி கேட்டு அப்ளை பண்றோம். 'எங்களோட கூட்டுசேர்ந்துதான் இந்த ஆய்வைத் திட்டமிட்டாங்க'ன்னு அவங்க கையெழுத்துப் போட்டுத் தரணும். டிராஃப்ட் நானே டைப் பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை லாஸ்ட் டேட்."

இன்றைக்கு ஞாயிறு. அவர்கள் யார் என்றே இவனுக்குத் தெரியாது. ஆனால் அவர்களோடு கூட்டுசேர்ந்து திட்டமிட்டாகிவிட்டது, கடிதமும் டைப் ஆகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி!

எனக்குச் சிரிப்பு வந்தது. வங்கியில் இப்படி நடந்தால் அதற்கு வேறு பெயர். ஆனாலும் பெரியவர்கள் வீட்டுப் பையன், தங்கமணியின் சிநேகிதி மகன். முடியாது என்று சொன்னால் வீட்டில் காபி கிடைக்காது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அழைத்துப் போனேன்.

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒரு சுயஉதவிக் குழுவின் தலைவி. ஐம்பது வயதிருக்கும். நாங்கள் எல்லோரும் தீதி என்றுதான் கூப்பிடுவோம். மண் பாண்டத்தில் டீ கொடுத்தார். பையன் ஆங்கிலமும் உடைந்த வங்காளியும் கலந்து பதினைந்து நிமிடம் விளக்கினான். தீதி பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்றே கேள்வி கேட்டார்.

ஒன்று: "ரத்தம் எடுக்கிறீங்க. சுகர் இருக்குன்னு தெரியுது. அப்புறம் மாத்திரை யாரு தருவா?"

இரண்டு: "இதுக்கு எவ்வளவு பணம் வருது? அதுல வீடு வீடா உங்களைக் கூட்டிட்டுப் போற எங்க பெண்களுக்கு எவ்வளவு?"

மூன்று: "நாலு வருஷம் முன்னாடியும் இதே மாதிரி சிலபேர் வந்தாங்க. ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்டாங்க. அந்த ரிசல்ட் எங்கே?"

பையனிடம் மூன்றுக்கும் பதில் இல்லை. அவன் மேல் தப்பில்லை. இந்தக் கேள்விகளுக்கு அவன் நிரப்பிய படிவத்தில் கட்டமே கிடையாது.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "அங்கிள், இவங்க ரிசர்ச்னா என்னன்னு புரியாம பேசறாங்க."

சரி, விஷயத்துக்கு வருவோம். எனக்கு மருத்துவம் தெரியாது, மதுரையில் படித்த பி.காம். ஆனால் கணக்கு தெரியும், கையெழுத்து தெரியும். இருபது வருஷமாக அதுதான் பிழைப்பு.

ஒரு வங்கிக் கணக்கில் உங்கள் பெயர் இரண்டு விதமாக வரலாம். நாமினியாக வரலாம், அல்லது ஜாயின்ட் ஹோல்டராக வரலாம். இரண்டிலும் பெயர் அச்சில் இருக்கும். ஆனால் நாமினிக்கு, கணக்குக்காரர் உயிரோடு இருக்கும்வரை பாக்கி எவ்வளவு என்று கேட்கக்கூட உரிமை கிடையாது. ஜாயின்ட் அக்கவுண்டில் இருவரும் சேர்ந்து என்று போட்டிருந்தால் ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் பத்து ரூபாய் எடுக்க முடியாது.

சுகாதார ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது பார்ட்னர்ஷிப் என்ற வார்த்தையை வாரி இறைக்கிறார்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளிலேயே சமூகத்தை ஈடுபடுத்த வேண்டும் என்று எழுதியாகிவிட்டது. சந்தோஷம். ஆனால் நடைமுறையில் மக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாமினி இடம்தான். பணம் எவ்வளவு என்று தெரியாது, கேள்வித்தாளை மாற்ற முடியாது, வேண்டாம் என்று நிறுத்த முடியாது. முடிவைப் பார்ப்பதற்குள் ஆராய்ச்சிக்காரர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார். என் வாதம் இவ்வளவுதான்: கையெழுத்து அதிகாரம் தராத கூட்டைக் கூட்டு என்று சொல்லாதீர்கள்.

"இதெல்லாம் பேச நல்லாயிருக்கும் சார், நடக்குமா?" என்பீர்கள். நடந்திருக்கிறது. நாம் இருக்கும் இதே ஊரில், நாம் பெயரைச் சொல்லவே கூச்சப்படும் ஒரு இடத்தில். சோனாகாச்சி.

குடும்பத்தோடு படிக்கும் பதிவில் சோனாகாச்சியா என்று முகம் சுளிக்க வேண்டாம். உலகம் முழுக்கப் பொது சுகாதார மாணவர்கள் அந்தப் பெயரைப் பாடமாகப் படிக்கிறார்கள். டாக்சியில் சித்தரஞ்சன் அவென்யூ போகும்போது பிள்ளைகளை அந்தப் பக்கம் பார்க்காதே என்று சொல்கிற நமக்குத்தான் விஷயம் தெரியாது.

1992. எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த காலம். அதே சித்தரஞ்சன் அவென்யூவில் இருக்கும் அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொது நல நிறுவனம் சோனாகாச்சியில் ஒரு பால்வினை நோய்த் தடுப்புத் திட்டம் ஆரம்பித்தது. பொறுப்பு டாக்டர் ஸ்மரஜித் ஜனா. ஆரம்ப ஆய்வில் தெரிந்தது: ஆணுறை பயன்பாடு 2.7 சதவிகிதம்.

வழக்கமான வழி என்ன? கிளினிக் திற, நோட்டீஸ் அடி, ஆணுறை கொடு, அறிவுரை சொல். ஜனா தொழிற்சாலைத் தொழிலாளர் நலம் படித்த ஆள். அவர் இதைத் தொழிலாளர் பிரச்சினையாகப் பார்த்தார். சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் நோய் வந்தால் அவன் ஒழுக்கத்தைத் திருத்தப் போகிறோமா? வேலை செய்யும் நிலைமையைத்தானே பார்ப்போம். அந்தப் பெண்களையே சம்பளத்துக்குக் களப்பணியாளர்களாக எடுத்தார். பச்சை கோட்டு போட்டுக்கொண்டு வீடு வீடாக அவர்களே போனார்கள். மரியாதை, நம்பிக்கை, அங்கீகாரம், இந்த மூன்றுதான் அடிப்படை என்று அவர்கள் சொல்வதுண்டு.

அந்தப் பெண்கள் பேச ஆரம்பித்ததும் திட்டமே திசை மாறியது. நோயைவிடப் பெரிய கவலைகள் வரிசையாக வந்தன. போலீஸ் தொல்லை, அடியாள் தொல்லை, கந்துவட்டி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஒரு சராசரி ஆராய்ச்சிக்காரர் "இதெல்லாம் எங்கள் ஆய்வின் எல்லைக்குள் வராது" என்று சொல்லியிருப்பார். இவர்கள் சொல்லவில்லை. கிளினிக்கோடு எழுத்தறிவும் வந்தது, போலீஸோடு பேச்சுவார்த்தையும் வந்தது.

ஏன் அது சரி என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன், பி.காம். படித்தவனுக்கு மிகவும் பிடித்த கணக்கு. உலக வங்கிப் பொருளாதார நிபுணர் விஜயேந்திர ராவ், இந்திராணி குப்தா, மைக்கேல் லோக்ஷின், ஸ்மரஜித் ஜனா நால்வரும் சேர்ந்து எழுதி 2003ல் வந்த ஆய்வு. எப்போதும் ஆணுறை கேட்கிற பெண்ணுக்கு ஒரு வாடிக்கையாளரிடம் கிடைக்கும் வருமானம் எவ்வளவு குறைகிறது? 66 முதல் 79 சதவிகிதம்!

நூறு ரூபாய் வரும் இடத்தில் முப்பத்திநாலோ, இருபத்தொன்றோ. "விழிப்புணர்வு இல்லை" என்று நாம் சொல்லும் பெண் உண்மையில் நம்மைவிட நன்றாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். சாயந்திரம் வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது எழுபது சதவிகித நஷ்டத்தை யார் தாங்குவார்கள்? நோட்டீஸ் படித்தா? கையில் சேமிப்பு இருந்தால்தான் "வேண்டாம், போ" என்று சொல்ல முடியும்.

அதனால் 1995ல் அவர்கள் செய்த காரியம், ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதுதான். உஷா கூட்டுறவு. பாலியல் தொழிலாளிகளே உறுப்பினர்கள், அவர்களே நிர்வாகம். பதிவு செய்யப் போனால் சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை: உறுப்பினர்கள் நல்லொழுக்கம் உடையவர்களாக இருக்க வேண்டுமாம். இல்லத்தரசிகள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், பதிவு பண்ணித் தருகிறோம் என்று யோசனை சொன்னார்கள். நம்மில் எத்தனை பேர் போட்டுக் கொடுத்திருப்போம்! அவர்கள் மறுத்தார்கள். எங்கள் தொழில் எதுவோ அதைச் சொல்லித்தான் பதிவு செய்வோம் என்று நின்றார்கள். கடைசியில் அரசாங்கம்தான் இறங்கி வந்தது.

அதே வருஷம் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற அவர்களுடைய அமைப்பும் பிறந்தது. 1997 நவம்பரில் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் பாலியல் தொழிலாளிகளின் முதல் தேசிய மாநாடு. 1999ல் நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த சுகாதாரத் திட்டத்தின் நிர்வாகத்தையே துர்பார் எடுத்துக்கொண்டது. இதைத்தான் கையெழுத்து அதிகாரம் என்கிறேன். ஏழு வருஷத்தில் செக் புத்தகம் கைமாறியது.

பலன்? ஆணுறை பயன்பாடு 1990களின் முடிவில் 80 சதவிகிதத்தைத் தாண்டியது. அதே காலத்தில் மும்பை பாலியல் தொழிலாளிகளில் பாதிப் பேருக்கும் மேல் எச்.ஐ.வி. இருந்தபோது சோனாகாச்சியில் அது நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இருந்தது. இரண்டு நகரமும் ஒன்றில்லை, வேறு காரணங்களும் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம். அதனால் வடக்கு வங்காளத்தில் இரண்டு சிறு ஊர்களை எடுத்து, ஒன்றில் சோனாகாச்சி முறை, மற்றதில் வழக்கமான முறை என்று வைத்துப் பார்த்தார்கள். 2004ல் வெளியான முடிவு: ஆணுறை பயன்பாடு முதல் ஊரில் 39 சதவிகிதம் கூடியது, மற்றதில் 11.

இப்போது என் அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த உபதேசத்துக்கு யோக்யதை இல்லை.

2006. கல்கத்தாவில் என் முதல் போஸ்டிங். வங்கி பெயர் வேண்டாம். வடக்குக் கல்கத்தாவில் ஒரு கிளை, சேவிங்ஸ் கவுண்டரில் நான். ஒரு பெண்மணி வந்தார். கணக்கு தொடங்க வேண்டும், மகளின் படிப்புக்கு. படிவத்தில் முகவரி துர்காசரண் மித்ரா தெரு. பக்கத்து சீட் சீனியர் அதைப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். எனக்குத் தெரு பெயர் புரியவில்லை, சிரிப்பு புரிந்தது.

"இருப்பிடச் சான்று வேணும்" என்றேன். இல்லை என்றார். வீட்டு வாடகை ரசீது? எங்களுக்கு யார் தாதா ரசீது தருவார்கள் என்றார். "அப்போ முடியாது." அவ்வளவுதான். முப்பது செகண்ட்.

அவர் கோபப்படவே இல்லை. "பரவாயில்லை, எங்களுக்கு எங்க பேங்க் இருக்கு. இங்கேயும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பியூன்தான் அப்புறம் உஷாவைப் பற்றிச் சொன்னார்.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? 2005 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. 50,000 ரூபாய்க்கு மேல் பாக்கி போகாத, வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு இல்லாத சின்னக் கணக்குகளுக்கு, சான்றுகள் இல்லாவிட்டாலும் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகம் செய்தால் போதும். அந்தச் சுற்றறிக்கை என் மேஜையில் ஃபைலில் இருந்தது. படித்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். யாராவது அறிமுகம் செய்வார்களா என்று அந்த அம்மாவிடம் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. விதி தடுத்ததாகச் சொல்லிக்கொண்டேன். தடுத்தது அந்தச் சிரிப்பு.

2022 மே மாதம் உச்சநீதிமன்றம், பாலியல் தொழிலாளிகளுக்கு இருப்பிடச் சான்று இல்லாமலே, எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி தரும் சான்றை வைத்து ஆதார் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பேப்பரில் படித்த அன்று எனக்கு அந்த முகம் ஞாபகம் வந்தது. பதினாறு வருஷம். அந்த மகள் இப்போது படித்து முடித்திருப்பாள். அதில் என் பங்கு பூஜ்யம்.

"இவங்க புரியாம பேசறாங்க" என்று பையன் சொன்னபோது என் வாயை அடைத்தது இதுதான். நானும் அதே சீட்டில் உட்கார்ந்திருந்தவன்.

சரி, கல்கத்தாக்காரர்கள் கதை போதும், நம்ம ஊர் எப்படி? சொல்கிறேன், கோபிக்கக் கூடாது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில், 1986ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா. சரியான வசதிகூட இல்லாமல் ரத்த மாதிரி சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்து, ஆறு பேருக்கு இருப்பதை உறுதி செய்தார்கள். நாட்டையே எழுப்பிவிட்ட வேலை. அவர்கள் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். சுனிதி சாலமன் பிறகு வாழ்நாள் முழுக்க நோயாளிகள் பக்கம் நின்றவர்.

ஆனால் அந்த ரத்தம் யாருடையது? பிடித்துக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களுடையது. பூட்டின கதவுக்குள் இருப்பவர் சரி என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் என்ன அர்த்தம்? அடுத்த சில வருஷங்களில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த பெண்களை, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் வழக்குப் போட்டு, 1990ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. ரத்தத்தை எடுத்துக்கொண்டோம், அறிவியல் வளர்ந்தது, கொடுத்தவளுக்குக் கிடைத்தது பூட்டு. இரண்டே வருஷம் கழித்து 1992ல் கல்கத்தாவில் அதே நோய், அதே தொழில் செய்யும் பெண்கள், ஆனால் வேறு கதை. வித்தியாசம் மருந்தில் இல்லை, அப்போது குணப்படுத்தும் மருந்தே கிடையாது. யார் கையில் பேனா இருந்தது என்பதில்தான்.

பேனா என்றதும் இன்னொன்று. 2009ல் ஆந்திராவின் கம்மம், குஜராத்தின் வடோதரா இரண்டு இடங்களிலும் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் செயல்விளக்க ஆய்வு நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். அவை தடுப்பூசியால் வந்த மரணங்கள் இல்லை என்று விசாரணை சொன்னது. தடுப்பூசி நல்லது, என் மகளுக்கே போட்டிருக்கிறேன். ஆனால் 2013ல் பாராளுமன்றக் குழு அறிக்கையில் இருந்ததைப் பாருங்கள்: ஆந்திராவில் 9,543 சம்மதப் படிவங்களில் 2,763ல் கையெழுத்துப் போட்டது விடுதி வார்டன்கள்!

ஒருத்தர் கணக்கிலிருந்து பணமெடுக்க வார்டன் கையெழுத்தோடு செக் வந்தால் நான் பாஸ் பண்ணுவேனா? என் வேலை போய்விடும். பணத்துக்கு இருக்கும் மரியாதை பழங்குடிப் பெண்ணின் உடம்புக்கு இல்லை. 2010 ஏப்ரலில் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. அந்த அவநம்பிக்கை ஒரு நல்ல தடுப்பூசியை எத்தனையோ வருஷம் பின்னுக்குத் தள்ளியது. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார்? அதே ஏழைப் பெண்கள்தான்.

இனி, எனக்கு வரப்போகும் ஆட்சேபணைகள். (தெரியும், பின்னூட்டத்தில் வரிசை கட்டி வருவீர்கள் :-) )

"படிச்சவங்க பாத்துக்கட்டும், இவங்களுக்கு என்ன தெரியும்?" ரத்தப் பரிசோதனை தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த நேரத்தில் வந்தால் பெண்கள் வீட்டில் இருப்பார்கள், எந்தக் கேள்விக்கு மாமியார் முன்னால் பொய்தான் வரும், மாத்திரை வாங்கக் காசு எந்த வாரத்தில் இருக்காது, இதெல்லாம் தீதிக்குத் தெரியும். இது தெரியாமல் எடுத்த சர்வே, டாலி ஆகாத டிரையல் பேலன்ஸ் மாதிரி. பேப்பர் நிறைய எண் இருக்கும், நம்ப முடியாது.

"ரொம்ப லேட் ஆகும்." ஆகும். லேட்டாகாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியா இருக்கிறது. எச்.ஐ.வி. வராமல் தடுக்க டெனோஃபோவிர் மாத்திரையைப் பாலியல் தொழிலாளிகளிடம் சோதிக்க ஏற்பாடு. பக்கவிளைவு வந்தால் யார் பொறுப்பு, நீண்டகால மருத்துவக் காப்பீடு உண்டா என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். திருப்தியான பதில் இல்லை, போராட்டம் வெடித்தது. 2004 ஆகஸ்டில் பிரதமர் ஹுன் சென் ஆய்வையே நிறுத்திவிட்டார். அந்த அடி பட்ட பிறகுதான் 2007ல் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு, மக்களோடு கலந்து ஆய்வு நடத்துவதற்கு வழிகாட்டி வெளியிட்டது.

இதே மருந்து வகை பின்னால் இந்தியா வந்தது. 2016 வாக்கில் சோனாகாச்சியில் துர்பாரும், மைசூரில் அசோதயா சமிதியும், இரண்டுமே பாலியல் தொழிலாளிகளின் சொந்த அமைப்புகள், முதலில் தங்கள் ஆட்களிடம் பேசி, சந்தேகம் தீர்த்து, பிறகு மாத்திரைத் திட்டத்தை நடத்தின. இரண்டு ஊரிலும் சேர்த்து 1,325 பெண்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் கடைசிவரை நின்றார்கள். இப்போது சொல்லுங்கள், எது லேட்?

"துர்பார் என்ன பெரிய புனிதமா?" இல்லை. இந்தத் தொழிலைத் தொழிலாக அங்கீகரிக்கச் சொல்லும் அவர்கள் நிலைப்பாட்டை எதிர்க்கும் பெண்ணியவாதிகள் இருக்கிறார்கள், கடத்தலுக்கு எதிராக வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கே அதில் தெளிவில்லை, இரண்டு பெண் குழந்தைகளின் அப்பன். ஆனால் ஒரு விஷயம் தெளிவு: அவர்களைக் கேட்காமல் அவர்களுக்கு நல்லது செய்யக் கிளம்பியவர்களைவிட, கேட்டுச் செய்தவர்கள் அதிக உயிரைக் காப்பாற்றினார்கள். ஸ்மரஜித் ஜனா 2021 மே 8 அன்று கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். அவர் இல்லாமலும் துர்பார் நடக்கிறது. நல்ல கூட்டுக்கு அதைவிட என்ன ஆடிட் சர்டிபிகேட் வேண்டும்?

கடைசியாக நமக்கு. "சமூகம்" என்றால் பஸ்தி, பழங்குடி, பாலியல் தொழிலாளி மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரை விட்டு வந்த நாமும் ஒரு சமூகம்தான். தெற்காசியர்களுக்குச் சர்க்கரையும் மாரடைப்பும் ஏன் சீக்கிரம் வருகிறது என்று அமெரிக்காவில் 2010லிருந்து ஓர் ஆய்வு நடக்கிறது, பெயரே மசாலா! தேவையான ஆய்வு. நாளைக்கு உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கும் யாராவது கேள்வித்தாளோடு வரலாம். வந்தால் வரவேற்று காபி கொடுங்கள். கூடவே தீதியின் மூன்று கேள்வியைக் கேளுங்கள். மருத்துவம் யார் தருவார்? பணம் எவ்வளவு, எங்கே போகிறது? முடிவை எங்களுக்கு எப்போது, எங்கள் மொழியில் சொல்வீர்கள்? நான்காவதாக என் கேள்வி ஒன்று: நடுவில் நாங்கள் வேண்டாம் என்றால் நிற்குமா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வந்தால் தாராளமாகக் கையை நீட்டுங்கள். ஆராய்ச்சி இல்லாமல் மருந்து இல்லை. நான் ஆராய்ச்சிக்கு எதிரி இல்லை.

லெட்டர் என்ன ஆச்சு? தீதி கையெழுத்துப் போடவில்லை. "நான் படிக்காத பேப்பர்ல கையெழுத்துப் போடாதேன்னு பேங்க்லதானே சொல்லிக் கொடுத்தீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்த விழிப்புணர்வு முகாமை நடத்தியது நானேதான்! வேறு யாரிடமாவது வாங்கித் தருவேன் என்று பையன் எதிர்பார்த்தான். முடியாது என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை போயே போய்விட்டது. அவன் அம்மா பத்து நாளாகத் தங்கமணியோடு பேசவில்லை. காபி விஷயத்தில் நான் பயந்ததுதான் நடந்தது.

போன சனிக்கிழமை பையனிடமிருந்து போன். அடுத்த சுற்று விண்ணப்பத்துக்கு ஆறு மாசம் இருக்கிறதாம்.

"அங்கிள், தீதி ஃப்ரீயா இருப்பாங்களா? டிராஃப்ட் எதுவும் கொண்டுவரலை. அந்த நாலு வருஷத்துக்கு முந்தின சர்வே யார் பண்ணாங்கன்னு தேடிக் கண்டுபிடிச்சிட்டேன். ரிசல்ட்டை வாங்கி வங்காளியில சொல்லலாம்னு பாக்கறேன்."

நாளை சாயந்திரம் போகிறோம். தீதி என்ன சொல்வார் என்று தெரியாது. போடமாட்டேன் என்றும் சொல்லலாம், அது அவர் உரிமை.

பி.கு.: கவுண்டரில் உட்காரும் வங்கி நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், மேஜையில் இருக்கும் சுற்றறிக்கை ஃபைலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நான் புரட்டாத பக்கம் உங்களுடையதிலும் இருக்கலாம்.